கீழே படுத்துப் பார்த்திருக்கீங்களா பாஸ்?

நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து காசு போட்டு பழைய மாருதி ஜிப்ஸி ஒண்ணு வாங்கிட்டீங்க. வாழ்த்துகள்! முதல் வாரமே என்ன பண்ணியிருப்பீங்கன்னு சொல்லட்டுமா? முன்னாடி ரெண்டு ஃபாக் லைட், பின்னாடி ஒரு ஸ்டிக்கர், உள்ளே காதைக் கிழிக்கிற ஸ்பீக்கர். கொஞ்சம் பொறுப்பான ஆசாமிகளா இருந்தா, என்ஜின் ஆயிலும் மாத்தியிருப்பீங்க. சரி, கியர்பாக்ஸ் ஆயில்? அதுக்குப் பின்னாடி தொங்குற டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்?

'அதுலகூட ஆயில் இருக்கா?'ன்னு பாதிப் பேர் முழிக்கிறது தெரியுது. இருக்கு பாஸ். ரெண்டுக்கும் சேர்த்து மொத்தமே ரெண்டு லிட்டருக்குப் பக்கம்தான். அதை மறந்தா என்ன ஆகும்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, அந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ன வேலை பார்க்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்.

சாதாரண காரில் கியர்பாக்ஸிலிருந்து வர்ற இழுவை ரெண்டு சக்கரத்துக்குப் போகும், கதை முடிஞ்சது. ஃபோர் வீல் வண்டியில் நடுவில் இன்னொரு பெட்டி. முன் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கிறது அதன் முதல் வேலை. 'லோ'வில் போட்டால் வேகத்தைக் குறைச்சு, இழுவையைப் பல மடங்காக்கிக் கொடுக்கிறது ரெண்டாவது வேலை. ஜிப்ஸியில் இது கியர்பாக்ஸோடு ஒட்டிக்கூட இருக்காது. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட், அதுக்குப் பின்னாடி தனிப் பெட்டி, தனி ஆயில். அதனால்தான் பட்டறையில் 'கியர் ஆயில் மாத்தியாச்சு தம்பி'ன்னு சொன்னாலும், 'டிரான்ஸ்ஃபர் கேஸ்லயுமாண்ணே?'ன்னு ஒரு கேள்வி கேட்டுடணும்.

இந்த ஆயில் என்ஜின் ஆயில் மாதிரி சீக்கிரம் கறுத்துப் போய் நம்மைப் பயமுறுத்தாது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கும் எரியாது. பல வண்டிகளில் இழுத்துப் பார்க்க ஒரு டிப்ஸ்டிக்கூட கிடையாது. சத்தமில்லாமல் குறையும், சத்தமில்லாமல் கெடும். சத்தம் வரும்போது பல்லு தேய்ஞ்சிருக்கும். பல் தேய்ஞ்ச கியர் பாதியில் நழுவி நியூட்ரலுக்கு வந்துடும். சமதளத்தில் இது எரிச்சல். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது? அங்கே வண்டியைப் பிடிச்சு நிறுத்துறது முக்கால்வாசி கியர்தான். அது கழண்டால் மொத்தச் சுமையும் ஏற்கெனவே சூடாகிக் கிடக்கிற பிரேக் மேல விழும். வண்டியில் நாலு பேர் இருப்பீங்கன்னு ஞாபகம் வெச்சுக்கங்க.

இப்போ கடைக்குப் போவோம். 'கியர் ஆயில் கொடுங்க'ன்னு கேட்டால், '90 நம்பரா?'ன்னு கேட்பார் கடைக்காரர். தலையாட்டிடாதீங்க! டப்பாவைத் திருப்பி, பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. ஜி.எல்-4-ன்னு இருக்கா, ஜி.எல்-5-ன்னு இருக்கா? '5 பெருசு, அதனால் 5-தான் பெஸ்ட்'ங்கிற கணக்கு இங்கே செல்லாது. ஜி.எல்-5-ல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பின்னாடி ஆக்ஸில் இருக்கிற கிரவுனுக்கு அது அமிர்தம். ஆனா, கியர்பாக்ஸுக்குள்ளே கியரை சத்தமில்லாமல் சேர்த்துவைக்கிற சிங்க்ரோ வளையம் பித்தளை சாதி. சில ஜி.எல்-5 ஆயில்கள் சூட்டில் அந்தப் பித்தளையையே அரிக்கும். அரிக்காத நல்ல ரகமா இருந்தாலும் இன்னொரு சிக்கல்: வழுக்கல் அதிகமாகி, சிங்க்ரோ பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. செகண்ட் கியர் 'கர்ர்ர்'ங்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வந்தால் குழப்பம் இன்னும் ஜாஸ்தி. பழைய ஜீப், ஜிப்ஸி மாதிரி உள்ளே பல்சக்கரம் மட்டும் இருக்கிற பெட்டிகளுக்கு கியர் ஆயில். உள்ளே செயின் ஓடுற பிற்கால வண்டிகள் பலதுக்கு தண்ணி மாதிரி இருக்கிற ஏ.டி.எஃப். ஒண்ணுக்கு ஊத்த வேண்டியதை இன்னொண்ணுக்கு ஊத்தினால் போச்சு. ஃப்ரெண்டு சொன்னான், மாமா சொன்னார்னு எல்லாம் நம்பாம, உங்க வண்டி மேனுவலில் என்ன போட்டிருக்கோ அதை மட்டும் வாங்குங்க. மேனுவல் இல்லையா? பழைய புத்தகக் கடையோ இன்டர்நெட்டோ... தேடினால் கிடைக்கும்.

அடுத்தது வேலை. முதல் விதி, முக்கியமான விதி: கீழே இருக்கிற டிரெயின் ப்ளக்கைத் தொடாதீங்க! முதல்ல பக்கவாட்டில் இருக்கிற ஃபில்லர் ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க. ஏன்னு கேட்கிறீங்களா? எங்க கோஷ்டி பட்ட பாடு அது.

ஒரு ஞாயித்துக்கிழமை, நாங்க மூணு பேர், ஒரு பழைய பிளாஸ்டிக் டப். ஆர்வக்கோளாறில் கீழ் ப்ளக்கைக் கழட்டி மொத்த ஆயிலையும் இறக்கிட்டோம். வெற்றிச் சிரிப்போடு மேல் ப்ளக்குக்குப் போனால்... அசையலை. வருஷக்கணக்கா யாரும் தொடாத துரு. சரியான சைஸ் ஸ்பேனர் இல்லாம, கையில் கிடைச்சதை வெச்சு முறுக்க, ப்ளக்கோட முனை மழுங்கி உருண்டையாகிடுச்சு. இறக்கின ஆயிலை வந்த வழியா ஏத்த முடியாது. ஊத்துற வழியோ திறக்க மாட்டேங்குது. துளி ஆயில் இல்லாத வண்டியை ஓட்டவும் முடியாது. கடைசியில் வெல்டிங் பட்டறை அண்ணன் ஒருத்தர் வீட்டுக்கே வந்து, மழுங்கின ப்ளக் மேல ஒரு நட்டைப் பற்றவெச்சு, அதைப் பிடிச்சுத் திருகி எடுத்தார். 'மேல திறக்காம கீழ திறக்கலாமா தம்பிகளா?'ன்னு அவர் கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கு.

ரெண்டாவது விதி உயிர் சம்பந்தப்பட்டது. விளையாட்டில்லை. முடிஞ்சவரை வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்காதீங்க. உயரமான வண்டிதானே, உங்க செட்டில் ஒல்லியான ஆளைக் கீழே அனுப்புங்க. அப்படியே தூக்கித்தான் ஆகணும்னா, ஜாக்கியை நம்பிக் கீழே போகவே கூடாது. சேஸிஸுக்குக் கீழே உறுதியான ஸ்டாண்டு வேணும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் நொறுங்கும். சக்கரங்களுக்கு ரெண்டு பக்கமும் கட்டை போடுங்க. 'ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியர்லயும் விட்டாச்சு, எங்கே உருளும்?'னு நினைக்காதீங்க. பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி ஷாஃப்டில்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிட்டால் அந்தச் சக்கரம் காத்தில் சுத்தும், தரையில் இருக்கிற இன்னொண்ணு தாராளமா உருளும். கியரும் அப்படித்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் நியூட்ரலில் இருந்தாலோ, நீங்க எந்த கியரில் விட்டும் பிரயோஜனமே இல்லை. லீவர் நடுவில் இருக்கான்னு குனிஞ்சு பார்த்துட்டு அப்புறம் படுங்க.

இதெல்லாம் சரியா இருந்தால் மிச்ச வேலை சுலபம். பத்து நிமிஷம் ஓட்டி வாங்க. சூடான ஆயில் வேகமா இறங்கும், அடியில் தங்கின கசடும் கூடவே வரும். ரொம்பக் கொதிக்கவிட்டால் கை வெந்துடும், ஜாக்கிரதை.

அப்புறம்... அந்த டப்பைத் தூக்கிட்டுப் போய் உடனே ஓரமா வெச்சுடாதீங்க. வெயிலில் வெச்சு உத்துப் பாருங்க. உங்க வண்டியோட ஜாதகமே அதில்தான் இருக்கு. கறுப்பா, கெட்டியா இருந்தால் ரொம்ப நாள் யாரும் மாத்தலைன்னு அர்த்தம். லேசான வெள்ளி மினுமினுப்பு, டிரெயின் ப்ளக்கில் காந்தம் இருந்தால் அதில் மை மாதிரி பசை... கவலை வேண்டாம், வயசானால் அப்படித்தான். மஞ்சள் மினுமினுப்பு ஜாஸ்தியா இருந்தால் சிங்க்ரோ கரையுது. விரலில் குத்துற துண்டு வந்தால் வண்டியை எடுக்காதீங்க, நேரே மெக்கானிக்தான்.

பால் காபி நிறத்தில் வந்தால்? உள்ளே தண்ணி! ஆத்தில் இறக்கி விளையாடினீங்களா? சூடா இருக்கிற பெட்டி திடீர்னு குளிர்ந்த தண்ணியில் இறங்கும்போது உள்ளே இருக்கிற காத்து சுருங்கும். ப்ரீதர் வழியாவோ, தேய்ஞ்ச ஆயில் சீல் வழியாவோ தண்ணியை உறிஞ்சிக்கும். ஆத்துக்கே போகலைன்னா, வண்டி எங்கிருந்து வந்ததுன்னு விசாரிங்க. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் சென்னையில் எத்தனை வண்டிகள் நாள்கணக்கில் தண்ணிக்குள்ளே நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும். விற்கிறவர் பெயின்ட்டைப் பளபளப்பாக்கலாம், சீட் மாத்தலாம். இந்தப் பெட்டிக்குள்ளே இருக்கிறதை மாத்தணும்னு பெரும்பாலும் தோணாது. அதனால், அடுத்த முறை பழைய ஃபோர் வீல் வண்டி பார்க்கப் போனால், அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஃபில்லர் ப்ளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்க. விற்கிறவர் முறைச்சால் முறைக்கட்டும்.

கீழ் ப்ளக்கைத் துடைச்சு, புது வாஷர் போட்டு மூடுங்க. மேல் ஓட்டை வழியா ஹேண்ட் பம்ப்போ, புனலும் டியூபும் வெச்சோ ஊத்துங்க. அளவு ரொம்பச் சிம்பிள்: ஓட்டை விளிம்பு வரைக்கும் வந்து, வெளியே வழிய ஆரம்பிச்சால் போதும். ஜிப்ஸின்னா கியர்பாக்ஸுக்கு சுமார் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8 லிட்டர். வண்டி சமதளத்தில் நின்னால்தான் இந்தக் கணக்கு சரி. முன்பக்கம் மட்டும் தூக்கி நிறுத்திட்டு ஊத்தினால் அளவு தப்பிடும்.

மூடினதும் ஒரு மண் கிரவுண்டுக்குப் போய் ஃபோர் வீலில் போட்டு, 'ஹை', 'லோ' ரெண்டிலும் மெதுவா ஓட்டிப் பாருங்க. தார் ரோட்டில் வேண்டாம். இந்த வகை வண்டிகளில் திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு மொத்த செட்டும் முறுக்கிக்கும். திரும்பி வந்து ரெண்டு ப்ளக்கிலும் கசிவு இருக்கான்னு ஒரு அட்டையைக் கீழே போட்டுப் பார்த்துடுங்க.

டப்பில் மிச்சமிருக்கிற வேஸ்ட் ஆயில்? 'கரையான் வராது'ன்னு கதவு நிலைக்குப் பூச பாட்டி கேட்பாங்க. பக்கத்து வீட்டு அங்கிள் சாக்கடையில் ஊத்தச் சொல்வார். ரெண்டும் வேண்டாம். 2016-ம் வருஷ மத்திய அரசு விதிகள்படி அது அபாயகரமான கழிவு. கிணத்துத் தண்ணிக்குப் போய்ச் சேர்ந்தால் உங்க வீட்டுக் குடத்துக்கே திரும்பி வரும். காலி ஆயில் கேனிலேயே ஊத்தி இறுக்கி மூடி, லைசென்ஸ் உள்ள ரீசைக்கிளிங் ஆளுக்கு ஆயில் கொடுக்கிற சர்வீஸ் சென்டரில் ஒப்படைச்சுடுங்க.

அப்படியே டேஷ்போர்டு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டி, இன்னிக்குத் தேதி, கிலோமீட்டர், ஊத்தின ஆயில் பேரு மூணையும் எழுதி வைங்க. நாளைக்கு வண்டியை உங்ககிட்டேயிருந்து வாங்கப் போற பையன் கண்டிப்பா கேட்பான்.