முதுகில் ஒரு வேதாளம்!

விக்கிரமாதித்த மகாராஜாவுக்கு ஒரு வசதி இருந்தது. அவர் சுமந்த வேதாளத்துக்கு சார்ஜர் கிடையாது. மழையில் நனைந்தால் கெட்டுப்போகாது. கை நழுவிப் போனாலும், பழையபடி முருங்கை மரத்துக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். ஹெச்.ஆர். டிபார்ட்மெண்டிலிருந்து மெயில் வராது.

நம் வேதாளம் அப்படியில்லை ஸார். பதினைந்தரை இன்ச் என்று சொல்லத்தக்க (கணக்குப்படி 15.6) ஆபீஸ் லேப்டாப். வேலூர் லாங் பஜார் பக்கத்து வீட்டிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடிப் பக்கம் ஏழெட்டு கிலோமீட்டர் தினமும் சைக்கிளில் இதைச் சுமக்கிறேன். கொடுத்த அன்றைக்கே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். முதுகு உடைந்தால் யாரைப் பிடிப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

பிளஸ் ஒன்னில் அரசாங்க சைக்கிள், பிறகு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசாங்க லேப்டாப் என்று இரண்டையும் வாங்கிய தலைமுறை தமிழ்நாட்டில் இருக்கிறது. சைக்கிளும் லேப்டாப்பும் நமக்குப் புதுசில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பை வேண்டுமே, அதுதான் தகராறு.

"இதுக்குப் போய் யோசிக்கிறியே? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு... சுத்தி எங்க பார்த்தாலும் தோல்! இந்த ஊர்ல இருந்துக்கிட்டு எவனாவது நைலான் பை வாங்குவானா?" என்றார் பக்கத்து ஸீட்டுக்காரர். அவர் பைக்கில் வருகிறவர். பேசுவார்.

ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான். தோல் பை பார்க்க எவ்வளவு கம்பீரம்! மானேஜர் மாதிரி இருக்கும். தோல் விஷயத்தில் வேலூருக்கு ரோஷமும் அதிகம். 1806 ஜூலை 10-ம் தேதி கோட்டைக்குள் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கியதற்கான காரணங்களில் ஒன்று, புதுத் தொப்பியில் வைத்திருந்த தோல் குஞ்சம். தலையில் தோல் ஏறினதற்கே அந்தப் பாடு. முதுகில் ஏற்றுவதற்கு முன்னால் நாமும் கொஞ்சம் விசாரிக்கலாம் அல்லவா?

விசாரித்தேன். முதல் விஷயம், நம் பக்கத்து ஆலைகளில் பெரும்பாலும் நடப்பது தோல் பதனிடுவதும் ஷூ செய்வதும். ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்களில் காலையில் கூட்டம் கூட்டமாகப் போகிற பெண்கள் தைப்பது கப்பலேறிப் போகும் செருப்பும் ஷூவும்தான். தோல் பைக்குப் பெயர் போன ஊர் கொல்கத்தா. ஆகவே, 'ஆம்பூர் தோல் பை' என்று சொல்லி எதையாவது நீட்டினால், உடனே கண் கலங்கிவிடாதீர்கள். திருப்பிப் பாருங்கள்.

திருப்பிப் பார்ப்பது என்றால் நிஜமாகவே திருப்பி. வெட்டு விளிம்பு எங்காவது கண்ணில் படுகிறதா? தோலாக இருந்தால் நார் நாராகத் தெரியும். உள்ளே துணி வலை தெரிந்து மேலே வழவழப்பாக ஒரு படலம் இருந்தால் ரெக்ஸின். (ரெக்ஸின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் சரக்குப் பெயர். நாம்தான் ஜாதிப் பெயராக்கிவிட்டோம்.) தோலை விரலால் அழுத்தினால் சுற்றிலும் மெல்லிய சுருக்கம் ஓடும். இதில் நடுவாந்தரம் ஒன்று உண்டு. மேல் தோலை நல்ல காரியத்துக்கு உரித்துக்கொண்டு, அடியில் மிஞ்சிய பிளவுத் தோல் மேல் பிளாஸ்டிக் பூசி விற்பது. 'அசல் தோல்' என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. ஒரு வருஷத்தில் மேல் பூச்சு வெயிலில் அப்பளம் மாதிரி உரியும்.

சரி, நிஜத் தோலே கிடைத்துவிட்டது. சைக்கிளுக்கு ஆகுமா? ஆகாது என்பது என் கட்சி. முதல் காரணம் எடை. லேப்டாப் கொள்கிற கனமான தோல் பை, காலியாகவே நைலான் பையைவிட ஒரு கிலோ கூடுதலாக இருக்கும். இரண்டாவது வியர்வை. சித்திரை மாசத்து வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். நாற்பது டிகிரிக்கு மேலே போய் நின்றுகொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அந்த வெயிலில் பாலத்தின் மேல் மிதித்தால் முதுகில் ஓடுகிற உப்புத் தண்ணீர் எல்லாம் தோலுக்குள் போகும். காய்ந்தால் வெள்ளைத் திட்டு, அப்புறம் விறைப்பு. மூன்றாவது, ஐப்பசி மழை. ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரிப் பழைய முறையில் பதனிட்ட தோல் நனைந்தால் கறுத்து, காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும். குரோம் போட்டுப் பதனிட்டது கொஞ்சம் தாங்கும். ஆனால் எதுவானாலும் ஈரத்தோடு பீரோவில் வைத்தால் பூஞ்சை நிச்சயம்.

குரோம் என்றதும் இன்னொன்று சொல்லாமல் போக முடியவில்லை. தினம் ரெண்டு வேளை பாலாற்றைத் தாண்டுகிறவனுக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா? பட்டையில் ஊற வைத்து வாரக்கணக்கில் ஆன வேலையை, குரோம் உப்பு ஓரிரு நாளில் முடித்துவிட்டது. கழிவு ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றதற்கு இந்த வழக்கைத்தான் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றைக்கும் மனப்பாடம் செய்கிறார்கள். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. அதற்காகத் தோலே வேண்டாம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டில் அதனால் உலை கொதிக்கிறது என்று தெரியும். பெல்ட், பர்ஸ், செருப்பு மூன்றும் நமக்குத் தோல்தான். பை மட்டும் வேண்டாம்.

ஆக, லாங் பஜாரில் இறங்கினேன். இறங்கினேன் என்றால் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளினேன் என்று அர்த்தம். லாரியில் மூட்டை இறங்குகிற நேரத்தில் அங்கே சைக்கிள் ஓட்டுவது சர்க்கஸ்காரர்கள் வேலை.

தள்ளிக்கொண்டு போகும்போது மூட்டை தூக்குகிறவர்களைக் கொஞ்சம் கவனித்தேன். பெரிய பெரிய கம்பெனிக்காரன் பைக்குள் செருகும் துண்டுக் காகிதத்தில் இல்லாத பாடம் அங்கே இருக்கிறது. மூட்டையை யாரும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவதில்லை. முதுகோடு ஒட்டி, மேல் பக்கமாக ஏற்றி, லேசாகக் குனிந்து நடக்கிறார்கள். பாரம் உடம்பை விட்டு எத்தனை விலகுகிறதோ அத்தனை இழுக்கும். காலேஜ் பையன்கள் வாரைத் தளர்த்திப் பின்பக்கத்துக்குக் கீழே பையைத் தொங்கப் போடுகிறார்களே, அது ஸ்டைல். சைக்கிளில் அது சீட்டில் இடிக்கும். ரொம்ப மேலே இழுத்துவிட்டாலும் ஆபத்து. குனிந்து ஓட்டும்போது பையின் தலை ஹெல்மெட்டின் பின்பக்கத்தைத் தள்ளும். நிமிர்ந்து ரோட்டைப் பார்க்க முடியாது. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, பையை மாட்டிக்கொண்டு ஹாண்டில்பார் பிடிக்கிற மாதிரிக் குனிந்து, தலையைத் தூக்கிப் பாருங்கள்.

நான் குனிந்தேன். "இன்னா சார், எதுனா விழுந்திருச்சா?" என்று கடைப் பையனும் கூடவே குனிந்தான்.

கடைக்கார பாய் நிறையப் பார்த்தவர். "தம்பி சைக்கிள்ல போறாரு. நீ அந்த மேல் வரிசை எடு" என்றார்.

எடுத்தவற்றில் நான் பார்த்தவை இவை. முதலில் லேப்டாப் அறை. 15.6 இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அறைக்குள் போக வேண்டியது முழு உடம்பு. சுமார் 36 சென்டிமீட்டர் நீளம், 24 சென்டிமீட்டர் அகலம். அதனால் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பதே உத்தமம். அதைவிட முக்கியம், அந்த அறையின் அடிப்பகுதி பையின் தரையைத் தொடக்கூடாது. ரெண்டு விரக்கடை மேலேயே நின்றுவிட வேண்டும். ஆபீஸ் போனதும் பையை 'தொப்' என்று கீழே போடுகிற ஜாதி நாம். அறை தரையைத் தொட்டால், முதல் அடி லேப்டாப்பின் மூலைக்கு. பாதிக்கு மேல் பைகள் இந்த ஒரு பரீட்சையிலேயே பெயிலாகிவிட்டன.

அடுத்து வார். அகலமாக, உள்ளே நல்ல பஞ்சோடு இருக்க வேண்டும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சின்ன கிளிப் பட்டை இருந்தால் அதை விடாதீர்கள். வளைவில் சைக்கிளைச் சாய்க்கும்போது பை ஒரு பக்கம் சரிந்து நம்மையும் கூட இழுக்காமல் பிடித்துக்கொள்வது அதுதான்.

துணிக்கு 600 டி, 1680 டி என்று நம்பர் போட்டிருப்பார்கள். 'டி' என்பது டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்கிற கணக்கு. நம்பர் கூடினால் நூல் தடிப்பு. தடித்த நூலில் நைலான் இழுவைக்கு உறுதி, பாலியெஸ்டர் வெயிலுக்கு உறுதி. வேலூர்க்காரன் எதை எடுப்பான்? நான் பாலியெஸ்டர் எடுத்தேன். இந்த ஊரில் எந்த எதிரியையும்விடச் சூரியன் பெரியவன்.

'வாட்டர் ப்ரூஃப்பா?' என்று கேட்டால் எல்லாக் கடையிலும் தலையாட்டுவார்கள். துணி தாங்கும், தையல் ஓட்டையும் ஜிப்பும் தாங்காது. கூடவே வரும் மழை உறை நல்லதுதான். ஆனால் அது வெளிப்பக்கத்தை மட்டும் மூடும். நம் முதுகு வழியாக வழிகிற தண்ணீர் உள்பக்கமாக இறங்கும். பரண் மேல் கிடக்கிற கெட்டியான ஜவுளிக்கடைக் கவர் ஒன்றை எடுத்து, லேப்டாப்பை அதற்குள் வைத்து, பிறகு பைக்குள் வையுங்கள். (ஷட் டவுன் பண்ணிவிட்டு! தூங்குகிற நிலையில் கவருக்குள் போனால் உள்ளேயே இட்லி வெந்துவிடும்.)

மழையைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. சாம்பார். லேப்டாப்பும் டிபன் பாக்ஸும் ஒரே பையில் குடியிருப்பது மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் இருப்பது மாதிரி. என்றைக்கோ ஒருநாள் கொட்டும். டிபனுக்குத் தனிப்பை, அதை ஹாண்டில்பாரில் தொங்கவிடாமல் (சக்கரக் கம்பியில் சிக்கும்) காரியரில் கட்டுங்கள். தண்ணீர் பாட்டிலை சைக்கிள் பிரேமில் ஸ்டாண்டு போட்டு மாட்டுங்கள்.

ஏன் இத்தனை சொல்கிறேன் என்றால், பஜாரில் தெரிந்த மளிகைக்கடைத் தராசில் என் வேதாளத்தை ஏற்றிப் பார்த்தேன். லேப்டாப், சார்ஜர், டிபன், ஒரு லிட்டர் தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 4 கிலோ 900. "சர்க்கரையா ரவையா?" என்றார் அண்ணாச்சி. டிபனும் தண்ணீரும் இறங்கியதும் 3 கிலோ 100. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கூடாது என்று 2020-ல் வந்த மத்திய அரசின் கொள்கை சொல்கிறது. நமக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"மொத்தப் பையையும் காரியர்லயே கட்டிடேன்பா" என்று வீட்டில் அம்மா. லேப்டாப்புக்கு மட்டும் அது சரிப்படாது. ரோட்டுப் பள்ளத்தின் குலுக்கல் எல்லாம் நேராகத் திரைக்கும் கீலுக்கும் போகும். முதுகில் இருந்தால் நம் முழங்கையும் முழங்காலும் பாதியை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் தினம் இருபது கிலோமீட்டர் போகிறவர்களுக்கும், ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர்களுக்கும் அம்மா சொல்வதே சரி. அவர்கள் பால்காரரைப் பார்த்துக்கொள்ளட்டும். பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும், தாழ்வாக, சமமாக. நன்றாக மெத்தை வைத்த பக்கப் பை இருந்தால் லேப்டாப்பும் போகும்.

பேரம் முடிந்து பை கைக்கு வந்தது. கறுப்பு வேண்டாம் என்று சாம்பல் நிறம் எடுத்தேன். வெயிலில் சூடு குறைவு. பின்னால் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை ஒன்று. இருட்டில் பாலத்தில் வரும்போது பின்னால் வரும் லாரிக்கு அதுதான் நம் விலாசம்.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. பஜார் ஓரம் தையல் மெஷின் போட்டுப் பை ரிப்பேர் செய்கிற பெரியவரிடம் போனேன். அவரிடம் வருகிற பைகளில் முக்கால்வாசிக்கு ரெண்டே வியாதிதானாம். ஒன்று, வார் மேலே சேருகிற இடத்தில் பிய்வது. இன்னொன்று, ஜிப் ரன்னர் வாயைப் பிளப்பது. புதுப் பையை வாங்கி, வார் அடியைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்து, "ஒத்தைத் தையல் ஓட்டியிருக்கான் பாரு" என்று உதட்டைப் பிதுக்கினார். நாலு பக்கமும் கட்டம் கட்டி, நடுவில் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினார். ரெண்டு வாருக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய்.

"ஜிப் எப்படிங்க?"

"பெரிய பல்லு. நல்லாத்தான் கீது. பையை ரொப்பிட்டு இழுக்காத. ரன்னர் போனா பையைத் தூக்கிப் போட்டுடாத. எடுத்துட்டு வா. பத்து நிமிஷ வேலை."