பூட்டிய வகுப்பறைகள் – 7: கேட்கப்படாத பெற்றோர்

2020 நவம்பர் 9 அன்று 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை, கொரோனாவால் மூடிக்கிடந்த தமிழ்நாட்டுப் பள்ளிகள் கூட்டின. பள்ளியைத் திறக்கலாமா, வேண்டாமா என்று படிவத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எதிர்ப்பு பலமாக இருந்ததால், நவம்பர் 16-ல் திறப்பதாகச் சொல்லியிருந்த அரசு மூன்றாம் நாளே முடிவைத் தள்ளிவைத்தது. ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் மறுபடி கருத்துக் கேட்டபோது பெரும்பாலோர் சம்மதித்தார்கள். 19-ஆம் தேதி 10, 12 வகுப்புகள் மட்டும், அறைக்கு 25 பேர் என்ற கணக்கில் தொடங்கின. இரண்டு மாதத்தில் பேச்சை மாற்றிவிட்டார்களே என்று பெற்றோரைக் குறை சொல்வது தவறு. நவம்பர் தொடக்கத்தில் மாநிலத்தில் நாளுக்கு 2,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது; ஜனவரியில் அது ஆயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்திருந்தது, பொதுத்தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது. நிலைமை மாறியது, பதிலும் மாறியது. பிள்ளையைப் பெற்றவர்கள் வேறு எப்படி யோசிப்பார்கள்?

பிழை பதிலில் இல்லை. யாரிடம் கேட்டார்கள் என்பதில் இருக்கிறது. அந்த இரண்டு முறையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. மூடி ஏறத்தாழ 19 மாதம் ஆகியிருந்தது. இத்தனைக்கும், பெற்றோரின் குரலுக்குச் சட்டம் இடம் ஒதுக்கியிருப்பது இந்தச் சின்ன வகுப்புகளில்தான். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஓரளவு ஊகிக்க முடியும். 2021 ஆகஸ்டில் பொருளியலாளர்கள் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த ஆய்வு, தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழைக் குடும்பங்களின் சுமார் 1,400 பிள்ளைகளைச் சந்தித்தது. கிராமத்துப் பெற்றோரில் 97 சதவீதம் பேர் பள்ளியைச் சீக்கிரம் திறக்க வேண்டும் என்றார்கள். கிராமப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் வெறும் 8 சதவீதம். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். காலையில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு வரும்போது வாட்ஸ்ஆப்பில் பாட வீடியோக்கள் வரிசையாகக் கிடக்கும், டேட்டா தீர்ந்திருக்கும், பிள்ளை தூங்கியிருக்கும். தனி அறையும் லேப்டாப்பும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளும் இருந்த வீடுகளின் 'இப்போதைக்கு வேண்டாம்' நியாயமான பயம்தான். அந்தப் பயம் டிவி விவாதங்களில் உரக்கக் கேட்டது. இந்த 97 சதவீதம் அங்கே வந்து சேரவே இல்லை.

சின்னப் பிள்ளைகளால் முகக்கவசத்தைக் கழற்றாமல் இருக்க முடியுமா, வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிக்கு நோயைக் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது என்று திறப்பதை எதிர்த்தவர்கள் கேட்டார்கள். தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. ஆனால் 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய நாடளாவிய ரத்தப் பரிசோதனையில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் மூடிக்கிடந்தபோதே தொற்று வீடுகளுக்குள் போய்வந்துவிட்டது. அந்த முடிவை வெளியிட்ட ஜூலை 20 அன்று, திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது நல்லது என்றார் அப்போதைய ஐசிஎம்ஆர் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா. 2021 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாப்பேட்டையில் மாணவிகள் பலருக்குத் தொற்று வந்ததையும், அடுத்து எழுந்த இரண்டாம் அலையையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அந்த அலை வந்தபோது தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஓராண்டாகப் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. பூட்டு அலையைத் தடுக்கவில்லை.

மருத்துவம் சார்ந்த முடிவைப் பெற்றோரின் ஓட்டுக்கு விடலாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. விடக்கூடாதுதான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கியதில் எனக்குள்ள குறையும் அதுவே: அரசு சுமக்க வேண்டிய பொறுப்பில் ஒரு பங்கு கூலித் தொழிலாளியின் கையெழுத்துக்கு மாறியது. தொற்றைப் பற்றி வல்லுநர்கள் சொல்லட்டும். வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள், சத்துணவுக்குப் பதிலாகக் கொடுத்த அரிசி, பருப்பு எத்தனை நாளுக்கு வந்தது, பிள்ளை படித்த எழுத்துகளை மறந்துவிட்டதா என்பதெல்லாம் பெற்றோருக்குத்தான் தெரியும். வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு கட்டங்களில் இது எதற்கும் இடமில்லை. விலை பின்னால் தெரிந்தது. இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2018-ல் 10.2 சதவீதம், 2022-ல் 4.8 சதவீதம் என்கிறது பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் அறிக்கை. முன்பே தாழ்ந்திருந்த நிலை பாதிக்கும் கீழே போய்விட்டது.

ஒமைக்ரான் அலைக்காக 2022 ஜனவரியில் மறுபடி பூட்டினார்கள். பிப்ரவரி 1 அன்று 1 முதல் 12 வரை எல்லா வகுப்புகளையும் ஒரே நாளில் திறந்தார்கள். 15 வயதுக்குக் கீழே இருந்த எந்தப் பிள்ளைக்கும் அப்போது தடுப்பூசி போடத் தொடங்கியிருக்கவில்லை.