12 வயதாகியும் பால் பல் விழவில்லையா? உள்ளே ஒரு பல் பதுங்கி இருக்கலாம்!

மேல் வரிசைப் பற்களை நடுவில் இருந்து எண்ணுங்கள். மூன்றாவதாக கூர்மையாக நிற்பதுதான் கோரைப்பல். பால் பல் விழுந்து இது முளைப்பது 11, 12 வயதில்.

சில பிள்ளைகளுக்கு 13 வயதாகியும் ஆளைக் காணோம்! பழைய பால் பல் அசையாமல் நிற்கும். "பல்லு கெட்டியாத்தானே இருக்கு, வலியும் இல்லே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் விட்டு விடுகிறார்கள். வில்லங்கமே இங்கேதான்.

100 பேரில் சுமார் 2 பேருக்கு இந்தப் பல் எலும்புக்குள் தலைமறைவாகி விடுகிறது. பெண் பிள்ளைகளுக்கே அதிகம். (தெத்துப்பல் அழகு என்பார்களே, அது வேறு. அதுவாவது வெளியே தெரியும்.)

சத்தமில்லாத திருட்டு

பதுங்கிய பல் சும்மா இருக்காது. குறுக்கே சாய்ந்து பக்கத்துப் பல்லின் வேரில் முட்டும். வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வலி கிடையாது, வீக்கம் கிடையாது. வெளியே பல் ஜோராக நிற்கும். எக்ஸ்ரே எடுத்தால் பாதி வேரைக் காணோம்!

துப்பு துலங்குவது எப்படி?

10 வயதில் பல் டாக்டர் மேல் ஈறை விரலால் தடவிப் பார்ப்பார். உதட்டுப் பக்கம் புடைப்பு தட்டுப்பட்டால் பல் சரியான வழியில் வருகிறது. ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லை என்றால் சந்தேகம்தான்.

அடுத்தது எக்ஸ்ரே. குழாயை நகர்த்தி இரண்டு கோணத்தில் எடுப்பார்கள். குழாய் போன திசையிலேயே பல்லும் நகர்ந்து தெரிந்தால் அது அண்ணத்துப் பக்கம். எதிர்த்திசை என்றால் உதட்டுப் பக்கம். எவ்வளவு உயரம், எவ்வளவு சாய்வு, பக்கத்து வேரைத் தாண்டிவிட்டதா என்று பார்த்து தரம் பிரிக்கிறார்கள். வைத்தியமும் அதற்குத் தக்கபடிதான்.

46ல் 36 தேறியது

சுவீடன் நாட்டு டாக்டர்கள் எரிக்சன், குரோல் இருவரும் 1988ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 10 முதல் 13 வயதுப் பிள்ளைகள். அண்ணத்துப் பக்கம் ஒதுங்கிய 46 கோரைப்பற்கள். செய்தது ஒன்றே ஒன்று: பால் பல்லைப் பிடுங்கினார்கள். 36 பற்கள் தானாக வழிக்கு வந்துவிட்டன! பக்கத்து வேரின் பாதியைத் தாண்டாத பற்களில் 100க்கு 91 தேறின. தாண்டியவற்றில் 64தான்.

ஒரு வருடம் பார்த்தும் அசையவில்லையா? மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் திறந்து, பல்லில் பொத்தான் ஒட்டி, மெல்லிய சங்கிலி கோர்த்து, கம்பி போட்டு இழுக்க வேண்டும். இரண்டு வருடம்கூட ஆகலாம். செலவும் அதற்கேற்ப.

பெரியவர்களுக்கு சில சமயம் பல் எலும்போடு ஒட்டிப்போய் இழுத்தாலும் வராது. அறுவை செய்து எடுத்து விடுவார்கள். தொந்தரவு இல்லை என்றால் அங்கேயே விட்டு, அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்து கண்காணிப்பார்கள்.