உங்களுக்குத் தெரியுமா? பூநாரைகளின் கடிகாரம்

நவி மும்பையின் நெருள் பகுதியிலுள்ள டிபிஎஸ் ஏரிக்குப் பூநாரைகள் கூட்டமாக வருவது பெரும்பாலும் தானே கழிமுகத்தில் ஓதம் ஏறும்போதுதான். இரை தேடும் சேற்றுப்பரப்பு மூழ்கிவிட்டால் ஒதுங்க இடம் வேண்டுமே! நீர் வடிந்ததும் திரும்பிவிடும்.

ஓதம் சுமார் 12.4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறுகிறது. அதனால் பறவைகளின் வருகையும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். பகலிரவுத் தாளமோ 24 மணி. அதன் பாதியான 12 மணித் தாளமும் பறவை எண்ணிக்கையில் தெரியலாம். இந்த 12-ஐயும் 12.4-ஐயும் தெளிவாகப் பிரித்தறியக் குறைந்தது 15 நாள் எண்ணிக்கைப் பதிவு தேவை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உள்ள இடைவெளியும் அதுவே. சூரியனால் எழும் 12 மணி ஓதமும் சந்திரனால் எழும் 12.4 மணி ஓதமும் மீண்டும் ஒன்றுசேர அவ்வளவு நாளாகிறது.

இரவிலும் மழையிலும் எண்ண முடியாமல் பதிவில் இடைவெளி விழும். அதற்கு வானியல் கைகொடுக்கிறது. விட்டுவிட்டுக் கிடைக்கும் விண்மீன் பதிவுகளுக்காக லோம்ப் (1976), ஸ்கார்கிள் (1982) இருவரும் வகுத்த தாளம் கண்டறியும் முறையை உயிரியலாளர்களும் இன்று பயன்படுத்துகிறார்கள்.

முக்கியமான எச்சரிக்கை: தினமும் காலை 7 மணிக்கு மட்டும் எண்ணினால், ஓதத் தாளம் 14.8 நாள் சுழற்சியாகப் பொய்த்தோற்றம் காட்டும். எண்ணும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.