இராமேஸ்வரத்துச் சிலந்தி மன்னாரில் எப்படி?

புதிய உயிரினம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் என்று செய்தி வந்தால், அது எங்கெல்லாம் வாழ்கிறது என்பதும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல என்பதற்கு மன்னாரே சாட்சி. 2004இல் அன்ட்ரூ சிமித் என்ற ஆய்வாளர் இராமேஸ்வரம் தீவிலிருந்து ஒரு பெரிய மயிர்ச் சிலந்தியை விவரித்து, அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரால் பொயிசிலோதீரியா அனுமவிலாசுமிக்கா என்று பெயர் வைத்தார். பகலில் மரப்பொந்துகளிலும் பட்டை இடுக்குகளிலும் ஒளிந்திருந்து, இரவில் இரை பிடிக்கும் சிலந்தி அது. 2008இல் அது மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனம் என உலகச் செம்பட்டியலில் சேர்ந்தது. இந்தியாவுக்கு மட்டும் உரியது என்றே நம்பப்பட்டது. ஆனால் 2015இல் ஆய்வாளர் ரணில் நாணயக்காரவும் குழுவினரும் அதே சிலந்தி இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் இருப்பதை அறிவித்தார்கள்.

ஓர் இனத்தை விவரிப்பது என்றால் அதன் உடலை அளந்து, நெருங்கிய இனங்களிலிருந்து அதைப் பிரிக்கும் அடையாளங்களை எழுதிவைப்பது. இந்தச் சிலந்திகளுக்குக் கால்களின் அடிப்புறத்திலுள்ள பட்டைகளே முக்கிய அடையாளம். அந்த விவரிப்பு உடலுக்குப் பொறுப்பேற்கும், எல்லைக்குப் பொறுப்பேற்காது. "இங்கே மட்டும்" என்று எழுதும்போது, இதுவரை தேடிய இடத்தைத்தான் சொல்கிறோம். வடக்கில் யுத்தம் 2009 வரை நீடித்ததால் எங்கள் காடுகளுக்குள் ஆய்வாளர்கள் சுதந்திரமாகப் போக முடியவில்லை. யுத்தம் முடிந்த அதே வருடம், ஊரவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த செத்த ஆண் சிலந்தியிலிருந்து தொடங்கிய தேடல், 2012இல் மாங்குளத்துப் பொயிசிலோதீரியா ராஜேயி என்ற புதிய இனத்தின் விவரிப்பில் முடிந்தது. தேடத் தொடங்கியதும் கிடைக்கிறது என்றால், முன்பு இல்லை என்று சொன்னதற்கு என்ன மதிப்பு?

இந்தச் சிலந்தி முன்பிருந்தே மன்னாரில் வாழ்ந்தது என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 முதல் 1964 புயல் வரை கப்பல் ஓடியது. சரக்கோடு சரக்காகச் சிலந்தியும் வந்திருக்கலாமே என்பார்கள். கருவுற்ற ஒரு பெண் சிலந்தி வந்திருந்தால் அதுவும் நடக்கக்கூடியதே. ஆனால் பொயிசிலோதீரியா வகை முழுவதும் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு; இலங்கைக்கே உரிய இனங்களும் பல. ஆகவே இந்த வகை இரு கரைகளிலும் பரவியது கப்பல்களுக்கு வெகு காலத்துக்கு முன்பு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அன்று தரை. இராமர் அணையின் மணல்திட்டுகள் இன்றும் அந்த வழியைக் காட்டுகின்றன. கப்பலைத் துணைக்கு அழைக்காமலே விளக்கம் கிடைக்கும்போது, நான் தரைவழியையே நம்புகிறேன்.

இரண்டு நாடுகளில் இருந்தால் ஆபத்து குறைந்துவிட்டதே என்பது அடுத்த கேள்வி. குறையவில்லை. இரு கரையிலும் அதற்கு வேண்டியது பொந்துள்ள முதிய மரம். அது வெட்டப்பட்டால் மறுபடி உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். செல்லப்பிராணி வியாபாரிகளும் இவற்றைத் தேடுகிறார்கள். அதனால்தான் 2019இல் இந்த வகை முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வியாபாரத்தைச் சட்டம் கட்டுப்படுத்தலாம், காணியில் நிற்கும் மரத்தை அது தொடாது. மன்னாரில் காற்றாலைக்கோ மணல் அகழ்வுக்கோ நிலம் ஒதுக்குமுன், பகலில் ஒரு சுற்று நடந்துவிட்டு அறிக்கை எழுதினால் போதாது. இரவில் விளக்கோடு போய், முதிய மரங்களின் பொந்துகளைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்திலும் வறட்சியிலும் பார்க்க வேண்டும். இராமேஸ்வரத்தில் கணக்கெடுக்கும் அதே முறையில் இங்கேயும் கணக்கெடுக்க வேண்டும்.