உஷார்! தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்காதீர்கள்

டேங்கில் காற்று இருக்கிறது. ரெகுலேட்டர் சர்வீஸ் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடலும் அமைதியாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் 12 மீட்டர் ஆழத்தில் திடீரென்று மூச்சு கனக்கிறது. இழுக்க இழுக்கப் போதவில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

ஸ்கூபாவுக்குப் போகிற ஒவ்வொருவரும் இந்த நிமிடத்தைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் பதற்றத்தில் ரெகுலேட்டரை வாயிலிருந்து பிடுங்குகிறார்கள். இல்லாவிட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்கிறார்கள். இரண்டுமே உயிரைக் குடிக்கும். 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் நுரையீரலில் அடைபட்ட காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும்.

எனக்கு இது புதுச்சேரிக் கடலில் நடந்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். கலங்கல் தண்ணீர், லேசான நீரோட்டம். அடித்துச் செல்லப்படாமல் இருக்க, விடாமல் காலை உதைத்தேன். பத்துப் பன்னிரண்டு மூச்சுக்குள் ரெகுலேட்டர் இறுகிவிட்டது போல ஆனது. கேஜைப் பார்த்தேன், 120 பார். காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் வாய்க்கு வந்து சேரவில்லை. ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். கை வாய்க்குப் போனது.

பயிற்றுநர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் என் முழங்காலுக்குக் கீழே பிடித்து, காலை மெதுவாகப் பின்னால் தூக்கினார். நான் குப்புறப் படுத்த நிலைக்கு வந்தேன். உதைப்பது நின்றது. ஐந்தாறு மூச்சுக்குள் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. படகில் ஏறியதும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ரெகுலேட்டர்ல ஒண்ணும் இல்ல தம்பி. நீ நின்னுட்டு இருந்த, அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரெகுலேட்டரில் நாம் வாயில் கவ்வியிருக்கிற பகுதிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் கடல், உள்பக்கம் நம் மூச்சு. நாம் இழுத்ததும் சவ்வு உள்ளே வளைந்து ஒரு நெம்புகோலை அழுத்தும்; வால்வு திறந்து காற்று வரும். சவ்வு எந்த ஆழத்தில் இருக்கிறதோ, அந்த ஆழத்தின் அழுத்தத்தில்தான் காற்றைக் கொடுக்கும். ஆனால் அந்தக் காற்றை வாங்குவது நுரையீரல். நிமிர்ந்து நிற்கும்போது அது வாயைவிட ஆழத்தில் இருக்கிறது. அங்கே நெஞ்சைச் சுற்றித் தண்ணீர் அழுத்துகிற அளவுக்கு ரெகுலேட்டரின் காற்றில் அழுத்தம் இல்லை. அந்தக் குறையை நம் மூச்சுத் தசைகள்தான் ஈடுகட்டியாக வேண்டும்.

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். கடலுக்குள்ளே வாய்க்கும் நுரையீரலின் நடுவுக்கும் இடையில் இருக்கிற ஒரு சாண்தான் பிரதானம். அது சுமார் 20 சென்டிமீட்டர். 1 செ.மீ. தண்ணீர் என்பது ஏறக்குறைய 1 மில்லிபார். ஆக, நிமிர்ந்து நிற்பவர் ஒவ்வொரு மூச்சிலும் 20 மில்லிபார் சுமையோடு மல்லுக்கட்டுகிறார். நன்றாக டியூன் செய்த ரெகுலேட்டரின் வால்வு திறப்பதற்குக் கேட்கும் இழுப்பே 3, 4 மில்லிபார்தான். ஐரோப்பாவின் இஎன் 250 தரச் சோதனையில், 50 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் நிமிடத்துக்கு 62.5 லிட்டர் காற்றை இழுத்தாலும் உள்மூச்சு அழுத்தம் 25 மில்லிபாரைத் தாண்டக் கூடாது. எவ்வளவு காசு போட்டு நல்ல ரெகுலேட்டர் வாங்கினாலும், வெறுமனே நிமிர்ந்து நிற்பதாலேயே கிட்டத்தட்ட அதே அளவு சுமையை நாமே தலையில் ஏற்றிக்கொள்கிறோம்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1943 ஜனவரியில் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ, பொறியாளர் எமில் கன்யான் செய்துகொடுத்த ரெகுலேட்டரைப் பாரிஸ் பக்கத்து மார்ன் ஆற்றில் சோதித்தார். படுத்து நீந்தியபோது நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்ததும் காற்று குபுகுபுவென்று வீணாக வெளியேறியது. தலைகீழானதும் மூச்சே கிடைக்கவில்லை. காற்றைத் திறந்துவிடும் சவ்வும், விட்ட மூச்சு வெளியேறும் வால்வும் வேறு வேறு உயரத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்ததும் கோளாறு தீர்ந்தது. பிற்காலத்தில் ரெகுலேட்டர் முதுகிலிருந்து வாய்க்கே வந்துவிட்டது. ஆனால் வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு சாணை எந்தக் கம்பெனியாலும் எடுத்துவிட முடியாது.

ஆகவே எந்த நிலையில் என்ன நடக்கும் என்பதை மனதில் வையுங்கள். குப்புறப் படுத்து முன்னால் பார்த்தால் ரெகுலேட்டரும் நுரையீரலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். மூச்சு இலகுவாக வரும். நிமிர்ந்தால் கனக்கும். மல்லாந்தால் ரெகுலேட்டர் நெஞ்சுக்கு மேலே போய்விடும். இழுப்பும் கனக்கும், உள்ளே தங்கிய தண்ணீரும் வாய்க்குள் இறங்கப் பார்க்கும். தலைகீழானால் நேர் எதிர்: காற்று தானாகத் தள்ளிக்கொண்டு வரும், சில சமயம் நிற்காமல் கொட்டும். நின்றபோது கனத்ததென்று ரெகுலேட்டரின் இழுப்பைச் சரிசெய்யும் திருகைத் தளர்த்தி வைத்தால், தலை கீழே போனதும் டேங்க் வேகமாகக் காலியாகும். தப்பு உடம்பின் நிலையில் இருக்கும்போது திருகில் கை வைக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தண்ணீரில் இறங்கியதுமே கைகால்களிலிருந்து அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் நெஞ்சுக்குள் வந்து சேர்கிறது. ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நுரையீரலில், நிமிர்ந்து நின்று பலமாக இழுத்துக்கொண்டே இருந்தால், ரத்தத்திலிருந்து நீர் கசிந்து காற்றறைகளுக்குள் இறங்கலாம். நுரையீரல் நீர்க்கோர்வை என்பது இதுதான். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், 50 வயதைத் தாண்டியவர்கள், குளிர்ந்த நீரில் கடுமையாக உதைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உழைப்புக்கு மிஞ்சிய மூச்சிரைப்பு, இருமல், நெஞ்சில் களகள சத்தம், இளஞ்சிவப்பு நுரை — இதில் எது தெரிந்தாலும் டைவ் அங்கேயே முடிந்தது.

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். தண்ணீருக்குள் மூச்சு கனத்தால் படுக்க வேண்டும். அதே ஆள் நீர்க்கோர்வையோடு படகுக்கு வந்துவிட்டால் படுக்கவைக்கவே கூடாது. உட்காரவைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூச்சு கனத்ததா? உதைப்பதை நிறுத்துங்கள். குப்புறப் படுங்கள். முதலில் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். தேங்கிய கரியமில வாயு போனால்தான் பதற்றம் தணியும். பிறகு நிதானமாக இழுங்கள். இழுக்கும்போதே கேஜைப் பாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் விழுந்து எழுந்தால் டேங்க் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, கூட்டாளியைக் கூப்பிடுங்கள். ஐந்தாறு மூச்சுக்குள் இலகுவாகாவிட்டால் காத்திருக்க வேண்டாம். சைகை காட்டி, கூட்டாளியோடு, மூச்சை அடக்காமல் சீரான வேகத்தில் மேலே வாருங்கள். ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். 30 மீட்டரில் காற்று தரையில் இருப்பதைவிட நான்கு மடங்கு அடர்த்தி. அங்கே இந்தச் சுமைகள் எல்லாம் ஒன்றுசேரும். ஆழம் கூடக்கூட எச்சரிக்கையும் கூட வேண்டும்.

இடுப்பில் தேவைக்கு மேல் ஈயம் கட்டாதீர்கள். கால் கீழே தொங்கி உடம்பு செங்குத்தாவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் தங்கும்போதும் கயிற்றைப் பிடித்துத் தொங்காமல் படுத்து மிதக்கப் பழகுங்கள்.

கடலுக்குப் போகும் முன் நீச்சல் குளத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, நின்று நான்கு மூச்சு, குப்புற நான்கு, மல்லாந்து நான்கு, தலைகீழாக நான்கு இழுத்துப் பாருங்கள். அந்த வித்தியாசத்தை நெஞ்சு ஒருமுறை அறிந்துகொண்டால் கடலில் கை வாய்க்குப் போகாது. என் காலைத் தூக்கிவிட அன்று ஒருவர் பக்கத்தில் இருந்தார். உங்கள் பக்கத்தில் அந்த நேரம் யாரும் இல்லாமல் போகலாம். உங்கள் காலை நீங்களே தூக்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.