ஹப் வாங்கும் முன் கூட்டிப் பாருங்கள்

லேப்டாப்பின் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு யுஎஸ்பி போர்ட்தான் இருக்கும், மிஞ்சினால் மூன்று. செருக வேண்டியவையோ நிறைய: கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ், வெப் கேமரா, பிரிண்டர், குடும்பப் படங்களைச் சேர்த்து வைக்கும் ஹார்டு டிஸ்க். ஆறு கருவிக்கு இரண்டு போர்ட் போதாது. அதனால்தான் கடைக்குப் போய் யுஎஸ்பி ஹப் கேட்கிறோம்.

கடையில் நான்கு போர்ட் ஹப் இருக்கும், ஏழு போர்ட் ஹப்பும் இருக்கும். ‘ஏழு இருக்கிறதே, இதுதான் நல்லது’ என்று சிலர் எடுத்து வருவார்கள். வீட்டில் செருகினால் கீபோர்டும் மவுஸும் ஒழுங்காக வேலை செய்யும். ஹார்டு டிஸ்க் மட்டும் ‘டிக்... டிக்’ என்று இரண்டு முறை ஒலித்துவிட்டு அடங்கிவிடும். ஹப்பும் பழுதில்லை, ஹார்டு டிஸ்க்கும் பழுதில்லை. பின் ஏன் இப்படி?

ஹப் போர்ட்டுகளை மட்டும்தான் பெருக்கித் தரும். கணினியிலிருந்து வரும் மின்சாரத்தை அது பெருக்காது. தகவல் போகும் பாதையையும் பெருக்காது. இருப்பதைப் பங்குபோட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆகவே ஹப் வாங்கும்முன் போர்ட்டை எண்ணினால் மட்டும் போதாது. இன்னும் இரண்டு கணக்குப் போட வேண்டும். இரண்டும் உங்களுக்குத் தெரிந்த கூட்டலும் பெருக்கலும்தான்.

எல்லாக் கருவிக்கும் ஒரே வாய்

முப்பது ஆண்டுகளுக்கு முன் கணினியின் பின்புறம் விதவிதமான வாய்களாக இருக்கும். கீபோர்டுக்கு வட்டமாக ஒன்று, பிரிண்டருக்கு 25 ஊசி கொண்ட அகலமான ஒன்று, மோடத்துக்கு வேறொன்று. புதிதாக எதையாவது இணைத்தால் கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டியிருக்கும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க இன்டெல், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், காம்பாக், டெக், என்இசி, நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் ஒன்றுகூடின. 1996ஆம் ஆண்டு ஜனவரியில் யுஎஸ்பியின் முதல் விதிமுறை வெளிவந்தது. இன்டெல்லில் இந்த வேலையை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் அஜய் பட். இவர் இந்தியாவில் பிறந்து, பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். எந்தக் கருவியையும் ஒரே வகை வாயில், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகலாம் என்பது அன்று பெரிய முன்னேற்றம். ஒரு வாயைப் பல வாய்களாகப் பிரிக்க ஹப் என்ற கருவியையும் அந்த விதிமுறையிலேயே சேர்த்திருந்தார்கள்.

ஹப்புக்குள் என்ன நடக்கிறது?

நான்கு வயர்களை ஒன்றாக முறுக்கிக் கட்டினால் ஹப் ஆகிவிடாது. ஹப்புக்குள் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. ஒவ்வொரு போர்ட்டையும் அது கண்காணித்துக்கொண்டே இருக்கும்.

யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. நீங்கள் மவுஸைச் செருகியதும் அது தகவல் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்தும். ஹப்பின் சில்லு அதைக் கவனித்து, ‘மூன்றாம் போர்ட்டில் யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று கணினிக்குச் சொல்லும். எந்தக் கம்பியில் அழுத்தம் உயர்ந்தது என்பதை வைத்து, வந்திருப்பது மிக மெதுவான கருவியா, வேகமான கருவியா என்பதும் தெரிந்துவிடும்.

புதிதாக வந்த கருவியின் எண் முதலில் 0. கணினி அதற்கு 1 முதல் 127க்குள் ஓர் எண்ணைக் கொடுத்து, ‘நீ யார், உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?’ என்று விசாரிக்கும். ஏன் 127? எண்ணை எழுத 7 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பிட்டில் 0 அல்லது 1 எழுதலாம், ஆகவே 7 பிட்டில் 128 எண்கள் எழுதலாம். 0 புதியவர்களுக்கு. மீதி 127. ஹப்பும் ஒரு கருவிதான், அதற்கும் ஓர் எண் போய்விடும்.

எண் கிடைத்ததும் கருவி தன் விருப்பத்துக்குப் பேசத் தொடங்கிவிடாது. வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டால்தானே ‘உள்ளேன் ஐயா’ என்கிறோம்? அதுபோல, கணினி கேட்டால்தான் யுஎஸ்பி 2.0 கருவி பதில் சொல்லும். சாதாரண மவுஸ்கள் பலவற்றிடம் கணினி வினாடிக்கு 125 முறை ‘நகர்ந்தாயா?’ என்று கேட்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக் குழப்பம் வராமல் இருப்பது இந்த ஒழுங்கினால்தான்.

முதல் கணக்கு: மின்சாரம்

யுஎஸ்பியின் வழக்கமான மின்னழுத்தம் 5 வோல்ட். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 500 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் தரும். யுஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரை தரும்.

இப்போது தனி அடாப்டர் இல்லாத ஒரு சாதாரண 2.0 ஹப்பை எடுத்துக்கொள்வோம். அது தன் மின்சாரம் முழுவதையும் லேப்டாப்பின் ஒரே போர்ட்டிலிருந்து வாங்குகிறது. அதாவது 500. விதிமுறைப்படி அதில் 100ஐத் தன் சில்லுக்கு வைத்துக்கொள்ளும். மீதி 400. அதை 100, 100ஆகப் பிரித்தால் எத்தனை போர்ட்? நான்கு! அடாப்டர் இல்லாத ஹப்புக்கு விதிமுறை நான்கு போர்ட் என்று எல்லை வகுத்திருப்பது இந்தக் கழித்தல் கணக்கினால்தான்.

கீபோர்டும் மவுஸும் பெரும்பாலும் 100க்குள் அடங்கிவிடும். 500 கேட்கும் வெப் கேமராவை அந்தப் போர்ட்டில் செருகினால் கணினி ‘போதிய மின்சாரம் இல்லை’ என்று மறுத்துவிடலாம். ஹார்டு டிஸ்க்கின் நிலைமை இன்னும் கடினம். அதற்குள் ஒரு வட்டத்தட்டு சுழல்கிறது. நின்றிருக்கும் தட்டைச் சுழலவைக்கும் முதல் சில வினாடிகளில்தான் மின்சாரம் மிக அதிகமாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் தட்டு வேகம் எடுக்காது. நின்று, மறுபடி முயன்று, மறுபடி நின்றுபோகும். தொடக்கத்தில் கேட்ட ‘டிக் டிக்’ ஒலி அதுதான். படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போது இப்படி நின்றால் கோப்பு கெட்டுப்போகலாம்.

இதற்குத் தீர்வு, அடாப்டருடன் வரும் ஹப். அது சுவரிலுள்ள பிளக் பாயின்டிலிருந்து மின்சாரம் எடுப்பதால் லேப்டாப்பை நம்பி இருக்காது. ஆனால் அடாப்டர் இருக்கிறதே என்று அப்படியே வாங்கிவிடாதீர்கள். அதன்மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ‘5 வோல்ட், 1 ஆம்பியர்’ என்று இருந்தால் மொத்தமே 1000 மில்லி ஆம்பியர்தான். ஏழு போர்ட்டுக்குப் பங்கிட்டால் தலைக்கு 143கூட வராது.

ஓர் எடுத்துக்காட்டுக்குக் கூட்டிப் பார்ப்போம். கீபோர்டு 100, மவுஸ் 100, பென் டிரைவ் 200, வெப் கேமரா 500, ஹார்டு டிஸ்க் 900. மொத்தம் 1800 மில்லி ஆம்பியர். பிரிண்டருக்குத் தனி மின்இணைப்பு உண்டு, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் மயிரிழையில் தேறும். 3 ஆம்பியர் என்றால் நிம்மதி.

சில அடாப்டரில் ‘12 வோல்ட், 2 ஆம்பியர்’ என்றிருக்கும். வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 12 × 2 = 24 வாட். ஹப் அதை 5 வோல்ட்டாக மாற்றித் தரும். 24ஐ 5ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். ஓர் எச்சரிக்கை: 5 வோல்ட் ஹப்பில் 12 வோல்ட் அடாப்டரை ஒருபோதும் மாற்றிச் செருகாதீர்கள். ஹப்பும் அதிலுள்ள கருவிகளும் எரிந்துவிடலாம்.

இரண்டாம் கணக்கு: வேகம்

1998இல் வந்த யுஎஸ்பி 1.1இன் உச்ச வேகம் வினாடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.2 கோடி பிட். 2000ஆம் ஆண்டு வந்த 2.0, வினாடிக்கு 48 கோடி பிட் அனுப்பும். 2008இல் வந்த 3.0, 500 கோடி பிட்.

1 ஜிகாபைட் அளவுள்ள ஒரு திரைப்படம் 800 கோடி பிட். பழைய 1.1இல் அதை அனுப்ப 11 நிமிடம். 2.0இல் ஏறத்தாழ 17 வினாடி. 3.0இல் இரண்டே வினாடி. இவை கணக்கில் கிடைக்கும் எண்கள். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும்.

ஹப்பில் எத்தனை கருவி இருந்தாலும் எல்லாத் தகவலும் லேப்டாப்புக்குப் போகும் ஒரே கேபிள் வழியாகத்தான் போக வேண்டும். கீபோர்டு ஒரு தடவைக்கு 8 பைட் அனுப்புகிறது. 8 பைட் என்றால் 64 பிட். வினாடிக்கு 125 தடவை கேட்டாலும் 8000 பிட்தான். 48 கோடியில் அது கண்ணுக்கே தெரியாது.

வெப் கேமரா அப்படியல்ல. ஒரு படத்தில் 640 × 480 புள்ளிகள். புள்ளிக்கு 16 பிட். வினாடிக்கு 30 படம். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 14.7 கோடி பிட்! கீபோர்டைப்போல் 18 ஆயிரம் மடங்குக்கும் மேல். கேமரா போன்று நேரம் தவறாமல் இடம் கேட்கும் கருவிகளுக்கு, 2.0 பாதையில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்பது விதி. 48 கோடியில் அது 38.4 கோடி. இரண்டு கேமராவுக்கு 29.4 கோடி போதும். மூன்றாவது வந்தால் 44 கோடியைத் தாண்டிவிடும். போர்ட் காலியாக இருந்தும் மூன்றாம் கேமராவில் படம் வராது. படத்தைச் சுருக்கி அனுப்பும் கேமராக்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

யுஎஸ்பி 3.0 கேபிளில் பழைய நான்கு கம்பிகளோடு புதிதாக ஐந்து கம்பிகள் சேர்ந்து ஒன்பது இருக்கும். 3.0 ஹப்புக்குள்ளும் உண்மையில் இரண்டு ஹப்புகள் அருகருகே இருக்கின்றன. பழைய கருவிகள் நான்கு கம்பிப் பாதையில் போகும், புதியவை ஐந்து கம்பிப் பாதையில் போகும். ஆகவே நீங்கள் வைத்திருப்பவை எல்லாம் 2.0 கருவிகள் என்றால், விலை கூடிய 3.0 ஹப் வாங்கினாலும் அவை அதே 48 கோடியைத்தான் பங்குபோடும். 3.0 ஹார்டு டிஸ்க் வைத்திருந்தால் 3.0 ஹப் முழுப் பலன் தரும். லேப்டாப்பின் போர்ட்டும் 3.0ஆக இருக்க வேண்டும். பல கருவிகளில் 3.0 வாயின் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும். சி வடிவ வாய் இருந்தால் மட்டும் வேகம் வந்துவிடாது. 2.0 வேகத்திலேயே போகும் சி கேபிள்களும் உண்டு.

4, 7, 10: என்ன தொடர்?

கடையில் 4, 7, 10 போர்ட் ஹப்புகளை அடிக்கடி பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் 3 கூடுகிறது, கவனித்தீர்களா? பல ஹப்புகளில் இருப்பது நான்கு போர்ட் சில்லு. முதல் சில்லின் ஒரு போர்ட்டில் இரண்டாம் சில்லை உள்ளுக்குள்ளேயே இணைத்துவிடுகிறார்கள். அந்த ஒன்று போக மூன்று, புதிதாக வந்தவை நான்கு, ஆக ஏழு. மூன்றாம் சில்லைச் சேர்த்தால் பத்து.

ஹப்பில் இன்னொரு ஹப்பையும் செருகலாம். ஆனால் வரிசையாக ஐந்து ஹப்புக்கு மேல் கூடாது. ஒவ்வொரு ஹப்பிலும் ஒவ்வொரு கேபிளிலும் சிறிது நேரம் கழிகிறது. கணினி பதிலுக்காகக் காத்திருக்கும் நேரமோ மிகக் குறைவு. தொலைவு கூடினால் பதில் வரும்முன் கணினி ‘யாரும் இல்லை’ என்று முடிவு செய்துவிடும். ஏழு போர்ட் ஹப்புக்குள் இரண்டு சில்லு இருந்தால், அது இந்த ஐந்தில் இரண்டு இடத்தை எடுத்துக்கொள்கிறது.

கருவிகளை எங்கே செருகுவது?

மெதுவான கருவிகளை ஹப்புக்கு அனுப்புங்கள். ஹார்டு டிஸ்க்கை முடிந்தவரை லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். கம்பியில்லா மவுஸின் சிறு ரிசீவரை 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் மவுஸ் திக்கித் திக்கி நகரலாம். 3.0 வேலை செய்யும்போது எழும் மின்காந்த இரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் குறுக்கிடுவதே காரணம். ரிசீவரை எதிர்ப்பக்கத்து 2.0 போர்ட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹப்பின் கேபிள் குட்டையாக இருப்பதும் நல்லது. நீண்டு மெலிந்த கம்பியில் மின்னழுத்தம் வழியிலேயே குறையும்.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: கருவியின் பெயர், வேண்டிய மில்லி ஆம்பியர், 2.0வா 3.0வா, எப்போதும் செருகியே இருக்குமா. மின்னோட்டத்தின் அளவு கருவியின் அடியிலோ, அதனுடன் வந்த குறிப்பிலோ இருக்கும். சில விண்டோஸ் கணினிகளில் ‘டிவைஸ் மேனேஜர்’ சென்று ‘யுஎஸ்பி ரூட் ஹப்’பின் ‘பவர்’ பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு கருவியும் எவ்வளவு கேட்டிருக்கிறது என்று பார்க்கலாம். அளவு தெரியாத 2.0 கருவிக்கு 500, 3.0 கருவிக்கு 900 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டத்தைக் கூட்டுங்கள். வரும் தொகையை 1000ஆல் வகுத்தால் ஆம்பியர். அதைவிடக் கூடுதலான ஆம்பியர் எழுதிய அடாப்டருடன் வரும் ஹப்தான் உங்களுக்கு ஏற்றது. மூன்றாம் கட்டத்தில் 3.0 கருவி ஒன்றுகூட இல்லையென்றால் 2.0 ஹப்பே போதும், வீட்டில் செலவு மிச்சம். நான்காம் கட்டம் எத்தனை போர்ட் வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். நாளைக்குப் புதிதாக ஒரு கருவி வீட்டுக்கு வந்தால், தாளில் ஒரு வரி சேர்த்து மறுபடி கூட்டுங்கள்.